மங்களூர் ஓட்டுக்கு ரீப்பர் இடைவெளி, இறவாண ஓரம், முகடு: 30×20 வீட்டுக்கு எப்படி அளவு பிடிப்பது?

சாய்தளம் எழுதியது:

பட்டுக்கோட்டைப் பக்கம், கடலிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே ஒரு வீட்டுக்கு ஓட்டுக்கூரை போடுகிறோம். கைமரம் (கூரைச் சரிவைத் தாங்கும் சாய்வான சட்டம்) ஏறிவிட்டது. ரீப்பர் (கைமரத்தின் மேல் குறுக்கே ஓடும், ஓடு மாட்டும் சட்டம்) அடிக்க நான்கு நாளில் ஆள் வருகிறார்கள். அதற்குள் சில விஷயங்களை முடிவு செய்ய வேண்டும்.

சுவரின் வெளியளவு 30 அடிக்கு 20 அடி. இரண்டு பக்கச் சாய்வு, 30 பாகை. இறவாணம் (கூரையின் கீழ் ஓரம்) சுவரிலிருந்து 2 அடி வெளியே நிற்கிறது. இரண்டு முக்கோணச் சுவர்ப் பக்கமும் ஒன்றரை அடி நீட்டம். கைமரம் வேங்கை, 4×2½ அங்குலம், 2 அடி இடைவெளியில். ரீப்பர் 2×1 அங்குலம். புது ஓடு 410×235 மி.மீ. அளவு. பழைய வீட்டில் பிரித்த ஓடு ஒரு ஐந்நூறு இருக்கிறது, அது கொஞ்சம் பெரியது.

1. தச்சர் பன்னிரண்டரை அங்குலக் குச்சி வெட்டி வைத்திருக்கிறார், அதை வைத்து வைத்து ரீப்பர் அடிப்பாராம். கொத்தனார் பதின்மூன்று வையுங்கள், ஓடு மிச்சமாகும் என்கிறார். எது சரி?

2. இறவாணத்தில் முதல் ரீப்பரை இரட்டையாக அடிக்க வேண்டும் என்கிறார்கள். எதற்கு? எவ்வளவு உயரம்?

3. முக்கோணச் சுவர் பக்கம் ஓட்டின் ஓரத்தை எப்படி முடிப்பது?

4. முகட்டு ஓட்டுக்கு அடியில் முழுக்கக் கலவை போட்டு நிரப்பலாமா?

கஜா புயலில் இந்த ஊரில் எத்தனை ஓட்டு வீடு மொட்டையானது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் காற்றுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

முழக்கோல் பதில்:

குச்சியத் தூக்கி ஓரமா வச்சிடுங்க. பன்னிரண்டரையா பதிமூணாங்கிறத நாமளும் சொல்ல முடியாது, தச்சரும் சொல்ல முடியாது. உங்க ஓடுதான் சொல்லணும். ஒரே அச்சுல அடிச்ச ஓடே ஒவ்வொரு சூளைக்கும் கொஞ்சம் கொஞ்சம் சுருக்கம் மாறி வரும்.

செய்ய வேண்டியது இது. வந்த லோடுல அங்கங்கேருந்து பன்னிரண்டு ஓடு எடுங்க. சமமான தரையில, கவுத்துப் போட்டு, ஒண்ணோட ஒண்ணு கோத்து ஒரே வரிசையா அடுக்குங்க. முதல்ல எல்லாத்தையும் நெருக்கித் தள்ளிட்டு, முதல் ஓட்டுக் கொக்கியிலேருந்து பதினோராவது ஓட்டுக் கொக்கி வரைக்கும் அளங்க. அதுல பத்து இடைவெளி இருக்கும். அப்புறம் கோத்தது கழலாத அளவுக்கு இழுத்து விட்டு இன்னொரு தடவ அளங்க. 410 ஓட்டுல பெரும்பாலும் நெருக்கினா 3150, இழுத்தா 3240 மி.மீ. பக்கம் வரும். அப்படின்னா ஒரு இடைவெளி 315-லேருந்து 324-க்குள்ள எங்க வேணும்னாலும் இருக்கலாம். 315-க்குக் கீழ போனா ஓடு ஒக்காராது, தூக்கிட்டு நிக்கும். 324-ஐத் தாண்டினா மேல் ஓட்டோட கொக்கி ரீப்பர்ல மாட்டுறப்ப கீழ் ஓட்டு வாயிலேருந்து நுனி விலகிடும், சாரல் உள்ள வரும்.

இப்ப பதிமூணு அங்குலம்னா 330 மி.மீ. கொத்தனார் சொன்னபடி அடிச்சா ஓடு மிச்சமாகும், உண்மைதான். ஐப்பசியில வீட்டுக்குள்ள பாத்திரம் வைக்க வேண்டியிருக்கும்.

உங்க வீட்டுக்குக் கணக்கு: 30 பாகையில, 12 அடி கிடைமட்டம் (10 + 2) சரிவுல 4220 மி.மீ. ஆகும். இது முகட்டு உச்சியிலேருந்து முகப்புப் பலகையோட (இறவாணத்துல கைமர நுனிய மூடுற பலகை) வெளிமுகம் வரைக்கும்.

ஒரு விஷயத்த நல்லா மனசுல வச்சுக்கங்க. ஓட்டுக் கொக்கி ரீப்பரோட மேல் விளிம்புலதான் மாட்டும். அதனால எல்லா அளவும் மேல் விளிம்புக்கு மேல் விளிம்பு. நடுவுக்கு நடுவு பிடிச்சா, ஒரு ரீப்பர் ஒன்றே முக்கால் அங்குலமும் இன்னொண்ணு ரெண்டேகால் அங்குலமுமா இருக்கும்போது கணக்கு கெட்டுப் போகும். மில்லுல அறுத்து வர்ற ரீப்பர் அப்படித்தான் வரும்.

கொக்கியோட உள்பக்கத்துலேருந்து ஓட்டு நுனி வரைக்கும் அளந்தா 385 வருதுன்னு வச்சுக்குவோம். முகப்புப் பலகையத் தாண்டி ஓடு 50 மி.மீ. வெளிய நீட்டணும். அப்ப பலகை வெளிமுகத்துலேருந்து முதல் மாட்டு ரீப்பரோட மேல் விளிம்பு 335. கடைசி ரீப்பர் முகட்டு உச்சிக்கு 35 கீழ, அதாவது 4185. ரெண்டுக்கும் நடுவுல 3850. இத 12-ஆல வகுத்தா 320.8. நம்ம 315–324-க்குள்ள அழகா ஒக்காந்துடுச்சு. பன்னிரண்டு இடைவெளி, பதிமூணு வரிசை ஓடு.

ஒக்காரலேன்னா என்ன பண்றது? இறவாண நீட்டத்த ஒரு அங்குலம் கூட்டிக் குறைச்சுக்கலாம், கைமர நுனிய இன்னும் வெட்டலேன்னா. அதனாலதான் ரீப்பர் கணக்க கைமர நுனி வெட்டுறதுக்கு முன்னாடி போடணும்.

குச்சி ஏன் வேண்டாம்னா, ஒரு தடவைக்கு 2 மி.மீ. தப்பு வந்தா போதும், பன்னிரண்டு தடவையில ஒரு அங்குலம் போயிடும். முகட்டுல வந்து நிக்கும்போதுதான் தெரியும். டேப்ப ஒரே பிடியா கீழ மாட்டி, 335, 656, 977, 1298 அப்படின்னு ரெண்டு கடைசிக் கைமரத்துலயும் நடுவுல ஒண்ணுலயும் குறிச்சு, சாய நூல் அடிங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி மூலைக்கு மூலை பிடிச்சுப் பாருங்க. பலகைக்குப் பலகை நீளம் 10,025-ன்னா (இது எப்படி வந்துச்சுன்னு கீழ சொல்றேன்) மூலை அளவு 10,877 வரணும். ரெண்டு மூலையும் பத்து மில்லிக்குள்ள இருந்தாச் சரி. அதுக்கு மேல போனா ஓட்டு வரிசை ஒரு பக்கம் ஏறிக்கிட்டே போகும், முகட்டுல முக்கோணமா ஒரு சந்து நிக்கும்.

அகலத்துக்கும் இதே வேலைதான். பக்கவாட்டுல கோத்து பத்து ஓடு அளந்தா ஒண்ணுக்கு 210 மி.மீ. பக்கம் வரும். 47 ஓடு × 210, கூட கடைசி ஓடு முழு அகலம் 235, ஆக 48 ஓட்டுக்கு 10,105. ரெண்டு ஓரத்துலயும் ஓரப் பலகையத் (முக்கோணச் சுவர் பக்கம் ரீப்பர் முனைய மூடுற பலகை) தாண்டி 40 வெளிய விட்டா பலகைக்குப் பலகை 10,025. நீங்க சொன்ன 33 அடிக்கு 33 மில்லிதான் கம்மி. ரீப்பர அதுக்கு வெட்டுங்க, ஓட்ட வெட்டாதீங்க. வெட்டின ஓட்டுல தண்ணி போற பள்ளமும் போயிடும், பக்கத்து ஓட்டப் பிடிக்கிற வாயும் போயிடும்.

ஓடு: 13 × 48 × 2 = 1248. உடைசலுக்கு அஞ்சு சதவீதம் போட்டு 1310. நாளைக்கு மாத்தறதுக்கும் சேத்து 1350 எடுத்துக்கங்க. ஒரே சூளை லோடா கேளுங்க.

ரீப்பர்: பக்கத்துக்கு 13-ஓட இறவாணத்துல ஒண்ணு சேத்து 14 வரிசை, 33 அடி, ரெண்டு பக்கம். 924 அடி. கழிவோட 1020 அடி வாங்கினா சுமார் 14 கன அடி.

ஆணி: ஒரு அங்குல ரீப்பருக்கு இரண்டரை அங்குல ஆணி, அப்பத்தான் ஒன்றரை அங்குலம் கைமரத்துல இறங்கும். சந்திப்பு ஐந்நூறு பக்கம் வரும், சந்திப்புக்கு ரெண்டு ஆணி, ஒரே ரேகையில இல்லாம கொஞ்சம் விலக்கி. அஞ்சு கிலோ ஆணி போதும். ரீப்பர் ஒட்டு கைமரத்து மேலதான் வரணும். அடுத்தடுத்த வரிசை ஒட்டு ஒரே கைமரத்துல வரக்கூடாது. ஒட்டு முனைக்குத் துளை போட்டுட்டு ஆணி அடிங்க, இல்லேன்னா பிளந்துடும்.

---

ஈசானமூலை பதில்:

மேலே சொன்னதில் சேர்க்க ஒன்றுமில்லை. இறவாண ஓரத்தையும் முக்கோணச் சுவர் ஓரத்தையும் மட்டும் சொல்கிறேன்.

இரண்டாவது வரிசையிலிருந்து ஒவ்வொரு ஓட்டின் நுனியும் கீழ் ஓட்டின் தலை மேல் உட்காருகிறது. முதல் வரிசை ஓட்டுக்கு மட்டும் கீழே ஓடு இல்லை. அந்த ஓட்டுத் தடிமனுக்கு ஈடாக எதையாவது கொடுக்காவிட்டால் முதல் வரிசை மூக்கைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். இரட்டை ரீப்பர் அதற்குத்தான். ஆனால் இரண்டு ரீப்பரை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தால் 25 மி.மீ. ஏற்றம் வரும். பெரும்பாலான 410 ஓட்டுக்கு 18 முதல் 22 மி.மீ. போதும்.

முகப்புப் பலகையின் மேல் விளிம்பையே கைமரத்துக்கு மேல் 45 மி.மீ. நிற்கும்படி வைத்துவிட்டால் (ரீப்பர் 25, ஏற்றம் 20) தனியாக இரட்டை ரீப்பர் தேவையில்லை. பலகை மெல்லியது என்றால் அதன் முதுகில் ஒட்டி ஒரு ரீப்பரைக் குத்தாக அடித்து அதே உயரத்துக்குச் சீவிவிடலாம். மேலே கணக்கில் வந்த பதினான்காவது வரிசை இதற்குத்தான்.

சோதிக்கும் முறை எளிது. பலகையைத் தற்காலிகமாக இரண்டு ஆணியில் நிறுத்தி, கீழிருந்து மூன்று வரிசைக்கு இரண்டிரண்டு ஓடு மாட்டுங்கள். பக்கத்தில் நின்று ஓட்டு முதுகின் மேல் நூல் பிடியுங்கள். மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். முதல் ஓடு தாழ்ந்தால் இரண்டாம் ஓட்டு நுனிக்கும் அதற்கும் நடுவே வாய் திறக்கும். உயர்ந்தால் அந்த ஓட்டின் சரிவு குறைந்து தண்ணீர் தேங்கும், மேல்கொக்கியும் ரீப்பரிலிருந்து எழும்பும். இரண்டு தவறும் கீழே நின்று பார்த்தால் தெரியாது. மழையில்தான் தெரியும்.

50 மி.மீ. நீட்டத்தைக் கூட்டாதீர்கள். 80, 90 விட்டால் தண்ணீர் பீலியை (இறவாணத்தில் மழைநீர் பிடிக்கும் வாய்க்கால்) தாண்டிக் குதிக்கும், காற்றுக்குப் பிடி கிடைக்கும். குறைத்தால் பலகை நனைந்து மூன்று மழைக்காலத்தில் மட்கும். பீலிக்குப் பத்தடிக்கு அரை அங்குலச் சரிவு போதும். உங்கள் ஒரு பக்கக் கூரையின் தரையளவு சுமார் 37 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. மழை பெய்தால் நொடிக்கு ஒரு லிட்டர். ஒரு 110 மி.மீ. குழாய் தாங்கும், ஆனால் வேப்பிலையும் தென்னம்பாளையும் விழும் வீடு என்றால் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று வையுங்கள்.

இறவாணத்தில் ஓட்டு அலையின் அடியில் அரைவட்டச் சந்துகள் தெரியும். அணிலுக்கும் எலிக்கும் பயந்து கலவையால் அடைப்பது வழக்கமாகிவிட்டது. அப்படி அடைத்தால் ஓட்டுக்கு அடியில் காற்று ஓடாது, ரீப்பர் காயாது. அரை அங்குலக் கண்ணுள்ள ஜி.ஐ. (துத்தநாகப் பூச்சு இரும்பு) வலையை நான்கு அங்குலப் பட்டையாக வெட்டி, முகப்புப் பலகையின் தலையில் மடக்கி அடித்துவிடுங்கள். முதல் வரிசை மாட்டிய பிறகு இதைச் செய்ய முடியாது.

இனி முக்கோணச் சுவர் பக்கம். ஒன்றரை அடி நீட்டத்தை ரீப்பர் முனையில் தொங்கவிட்டிருக்கிறீர்களா, அல்லது முகட்டு வளையும் சுவர் மேல் வளையும் (கைமரத்தைத் தாங்கும் நெடுக்கு உத்திரங்கள்) வெளியே நீண்டு ஒரு கடைசிக் கைமரத்தைத் தாங்குகின்றனவா? 2×1 ரீப்பர் 18 அங்குலம் தனியாக நீண்டு ஓட்டையும் ஓரப் பலகையையும் சுமந்தால் இரண்டு வருடத்தில் தொய்யும். கடைசிக் கைமரம் இல்லையென்றால் ரீப்பர் அடிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

ஓரத்தின் வரிசை இப்படி: ரீப்பர் முனைகளைச் சற்று நீளமாகவே அடித்துவிட்டு, பிறகு மேலிருந்து கீழ் வரை ஒரே நூல் அடித்து, ஒரே கோட்டில் அறுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து வெட்டினால் ஓரம் பல்வரிசை போல வரும். பிறகு ஓரப் பலகை, அதன் மேல் விளிம்பு ரீப்பரின் மேல்மட்டத்துக்குச் சமமாக. அதன் மேல், ரீப்பர் முனைகளில் படும்படி 6 மி.மீ. சிமென்ட் ஃபைபர் போர்டை ஆறு அங்குலப் பட்டையாக வெட்டி அடியுங்கள், பலகையைத் தாண்டி 30 மி.மீ. நீட்டி. இந்தப் பட்டைக்கு இரண்டு வேலை. கலவை உட்கார இடம் கொடுக்கும். ஓர ஓட்டைச் சற்றுத் தூக்கி, தண்ணீர் வெளியே வழியாமல் உள்பக்கம் ஓடும்படி திருப்பும்.

சுவரை வெள்ளையடித்த மறுவருடமே பச்சை படிந்து நிற்கும் வீடுகளைப் பார்த்தால், ஓர ஓடு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்.

---

கொத்துக்கரண்டி பதில்:

நாலாவது கேள்விக்கு: நிரப்பக் கூடாது.

முகட்டு ஓட்டுக்கு அடியில் கலவை வேண்டிய இடம் இரண்டு கீழ் விளிம்பு, அப்புறம் ஓட்டுக்கு ஓடு சேரும் மூட்டு. அவ்வளவுதான். உள்ளே குழி காலியாக இருக்க வேண்டும். 10 மீட்டர் முகட்டுக்கு ஓரக் கலவை இரண்டு கன அடிக்குள் முடிந்துவிடும். முழுக்க நிரப்பினால் முந்நூறு கிலோ வரை வளை மேல் ஏறும். எடையை விட ஈரம் பெரிய தொல்லை. நிரப்பிய கலவையில் மயிரிழை விரிசல் விழும், அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி முகட்டு வளையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். காய வழியே இல்லை. கறையான் கீழிருந்து ஏறும் என்று காவல் காப்போம், அது மேலே ஈரமான இடத்தில் குடியிருக்கும்.

கலவை சிமென்ட் மட்டும் போட்டு 1:3-ல் வலுவாகப் பிசைவதும் தவறு. மரச்சட்டம் வெயிலுக்கும் மழைக்கும் அசையும். வலுவான கலவை அசையாது, ஓட்டை விட்டு விடுபடும், அல்லது ஓட்டையே கீறும். சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. சுண்ணாம்பு கிடைக்காவிட்டால் 1:5, அதில் மணல் சலித்த ஆற்று மணலோ நயமான எம் சாண்டோ. சிவப்பு ஆக்சைடு கலப்பவர்கள் சிமென்ட் எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போக வேண்டாம்.

முகட்டு ஓட்டையும், கலவை படும் மேல் வரிசை ஓட்டையும் தண்ணீரில் நனைத்துவிட்டு, மேலே ஈரம் மினுங்காத நிலையில் கலவை வையுங்கள். காய்ந்த ஓடு கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிறகு எத்தனை நாள் நனைத்தாலும் பிடிப்பு வராது. மங்களூர் ஓட்டின் பள்ளங்களில் வெறும் கலவையைக் குவிக்காமல் உடைந்த ஓட்டுச் சில்லைப் பதித்து, அதன் மேல் மெல்லிய கலவை. குவித்த கலவைதான் முதலில் வெடிக்கும்.

கலவை முகட்டு ஓட்டின் விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே நிற்க வேண்டும். வெளியே பிதுங்கியதைக் கரண்டியால் சரித்து அழகு செய்தால் அந்தச் சரிவு தண்ணீரை உள்ளே அழைத்துக்கொண்டு போகும். விளிம்பு நிழலில் ஒளிந்த கலவைதான் நிற்கும்.

முகட்டு ஓடு மேல் வரிசை ஓட்டை இரண்டு பக்கமும் குறைந்தது 75 மி.மீ. மூட வேண்டும். மேலே கடைசி ரீப்பரை உச்சிக்கு 35 மி.மீ. கீழே என்று சொன்னது இதற்குத்தான். அதை 80, 100 என்று விட்டால் முகட்டு ஓடு எட்டாது. கலவையால் எட்டவைக்கப் பார்ப்பார்கள்.

அடுக்கும் திசை: காற்று எந்தப் பக்கம் ஓங்கி வருமோ அதற்கு எதிர் முனையிலிருந்து தொடங்குங்கள், மேல்வாய் காற்றுக்கு முதுகு காட்டும். பட்டுக்கோட்டையில் வடகிழக்கு மழைதான் ஓங்கி அடிப்பது. முகடு கிழக்கு மேற்காகப் போனால் மேற்கு முனையில் தொடங்க வேண்டும். இதில் பலர் குழம்புவார்கள். அடுத்து வரும் ஓட்டின் வாய் ஏற்கெனவே வைத்த ஓட்டின் மேல் ஏறுகிறது என்றால், அந்த வாய் முதலில் வைத்த முனையைப் பார்த்து நிற்கும். ஆகவே மேற்கில் தொடங்கினால் வாய் மேற்கே பார்க்கும், கிழக்குக் காற்றுக்கு முதுகு. அதனால்தான் மேற்கில் தொடங்கச் சொல்வது. வாங்கிய ஓட்டை இரண்டைச் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சில அச்சில் மேல்வாய் மறுபக்கம் இருக்கும்.

முகட்டு ஓட்டின் பயன் நீளம் 340 மி.மீ. என்றால் முப்பது வேண்டும். முப்பத்து மூன்று வாங்குங்கள். வேலை முடிந்து ஏழு நாள் காலை மாலை தண்ணீர் தெளிக்க வேண்டும். முதல் நாள் வெயிலுக்கு ஈரச் சாக்குப் போட்டு மூடுங்கள்.

---

சாய்தளம் எழுதியது:

நன்றி. கடைசிக் கைமரம் இருக்கிறது, முகட்டு வளையும் சுவர் வளையும் நீட்டியிருக்கிறோம். குச்சியைத் தச்சரிடமிருந்து வாங்கி வைத்துவிட்டேன்!

இன்னும் மூன்று. ஒன்று, எல்லா ஓட்டையும் கம்பியால் கட்ட வேண்டுமா? இரண்டு, ரீப்பருக்குப் பதில் ஒரு அங்குல ஸ்கொயர் டியூப் போட்டால் என்ன என்று ஒருவர் கேட்கிறார். மூன்று, முன்பக்கச் சாய்ப்பு (சுவரை ஒட்டி ஒரு பக்கமாகச் சரியும் கூரை) வீட்டுச் சுவரில் முட்டும் இடத்தில் என்ன செய்வது?

---

காற்றுத்திசை பதில்:

கம்பி பற்றி. ஒரு கணக்குப் பார்த்தால் விளங்கும். இந்திய காற்றுச்சுமைத் தரக் குறிப்பு ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்தில் அழுத்தம் 0.6 × வேகத்தின் வர்க்கம். மணிக்கு 120 கி.மீ. காற்றுக்கு, அதாவது நொடிக்கு 33 மீட்டருக்கு, சதுர மீட்டருக்குச் சுமார் 68 கிலோ எடைக்குச் சமம். ஓடு ஒன்று 2.6 கிலோ, சதுர மீட்டருக்குப் பதினைந்து என்றால் 39 கிலோ. கூரையின் நடுப்பகுதியில் ஓட்டுச் சந்துகள் வழியாக மேலும் கீழும் அழுத்தம் ஓரளவு சமமாகிவிடும், அதனால் எடையே பெரும்பாலும் பிடித்து நிறுத்தும். ஓரங்களில் அப்படியில்லை. காற்று சுவரில் மோதி விளிம்பில் வளைந்து ஏறும்போது மேலே உறிஞ்சுகிறது, இறவாணத்தின் திறந்த அடிப்பக்கத்தில் கீழிருந்தும் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்தால் முதல் ஓடு போகும். அது போனதும் அடுத்த ஓட்டுக்குக் கீழே காற்று நுழைய வழி கிடைக்கும். புயலில் ஓட்டுக் கூரை ஓரத்திலிருந்து உரிவது இப்படித்தான்.

ஆகவே கட்டாயம் கட்ட வேண்டியவை: இறவாணத்தில் கீழ் இரண்டு வரிசை, முகட்டுக்குக் கீழ் இரண்டு வரிசை, இரண்டு முக்கோணப் பக்கமும் மும்மூன்று நெடுவரிசை. நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று கட்டினால் போதும். உங்கள் கூரைக்குப் பக்கத்துக்கு நான்கு முழு வரிசை 192, மீதி ஒன்பது வரிசையில் ஓரத்து ஆறாறு 54, நடுவே 42 நெடுவரிசை × 9-இல் பாதி 189. மொத்தம் 435, இரண்டு பக்கமும் 870.

ஓட்டின் அடியில் துளையுள்ள காது இருந்தால் 16 கேஜ் ஜி.ஐ. கம்பியைக் கோத்து ரீப்பரின் பக்கவாட்டில் அடித்த சிறு ஆணியில் முறுக்குங்கள். கம்பியை வீணைத் தந்தி போல இழுக்க வேண்டாம். வெயிலில் சட்டம் அசையும்போது காது முறிந்துவிடும். கறுப்புக் கட்டுக்கம்பி வேண்டவே வேண்டாம், கடல் காற்றில் அது சீக்கிரம் துருப்பிடித்து அறுந்துவிடும்.

காது இல்லாத ஓட்டுக்குத் தலையிலிருந்து 50 மி.மீ. கீழே, மேல் ஓடு மூடும் பகுதிக்குள், சுத்தியல் ஓட்டம் இல்லாமல் துளையிட்டு 50 மி.மீ. துருப்பிடிக்காத ஸ்க்ரூ போடலாம். 410 ஓட்டை 321 இடைவெளியில் மாட்டினால் கிட்டத்தட்ட 89 மி.மீ. மூடப்படுகிறது. கொக்கி தலையிலிருந்து 25-இல், ரீப்பர் அதற்குக் கீழ் 50. ஆகவே 50-இல் போடும் துளை ரீப்பரின் நடுவில் இறங்கும். ரப்பர் வாஷர் போட்டு, ஓடு சற்று ஆடும் அளவுக்கு இறுக்கி நிறுத்துங்கள்.

முகட்டு ஓட்டைக் கலவை மட்டும் நம்பி விடாதீர்கள். வளை மேல் நெடுக ஒரு ரீப்பரை நிறுத்தி, ஒவ்வொரு முகட்டு ஓட்டையும் மூட்டுக்குள் ஒளியும்படி ஒரு ஸ்க்ரூவால் அதில் பிடியுங்கள். இறவாண அடிப்பக்கம் பலகையோ சிமென்ட் போர்டோ அடித்து மூடினால் கீழிருந்து தள்ளும் காற்று பாதிக்கு மேல் குறையும், காற்றோட்டத்துக்கு வலைப்பட்டை ஒன்று விட்டுக்கொள்ளலாம்.

ரீப்பரும் கைமரமும், கைமரமும் சுவர் வளையும் சரியாகப் பிணைக்கப்படாமல் ஓட்டை மட்டும் கட்டினால் கூரை ஒட்டுமொத்தமாகப் போகும். கைமரம் ஒவ்வொன்றுக்கும் சுவர் வளையில் ஜி.ஐ. பட்டை போட்டிருக்கிறீர்களா என்று ஏணி எடுத்து ஏறிப் பாருங்கள்.

---

முழக்கோல் பதில்:

டியூப் பத்தி. இரும்புக் கைமரமா இருந்தா டியூப் போடலாம், மரக் கைமரம் ஏறின வீட்டுல எதுக்கு? 25×25-ல 1.6 மி.மீ. கனம் எடுத்தா 6 மீட்டர் நீளம் ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. உங்களுக்கு 47 நீளம் வேணும். 1.2 கனத்துல எடுத்தா வெல்டிங்ல ஓட்டை விழும். வெல்டு வச்ச எடத்துல துத்தநாகப் பூச்சு எரிஞ்சுடும், கடல் பக்கம் துரு அங்கதான் ஆரம்பிக்கும். ஜிங்க் பிரைமர் அடிக்கிறோம்னு சொல்வாங்க, மேல தெரியற பக்கம்தான் அடிப்பாங்க. போட்டே ஆகணும்னா வெல்டிங் வேண்டாம், ஸ்க்ரூ போடுங்க, முனையெல்லாம் மூடி போடுங்க, இல்லேன்னா குளவி கூடு கட்டும்.

மரத்துலயே இருங்க. வைரம் பாஞ்ச பனை கெடைச்சா ரீப்பருக்கு அதவிட ஒசத்தி இல்ல. உள்ளே கறுப்பா நார் நெருக்கமா இருக்கணும், வெளுப்பா பஞ்சு மாதிரி இருக்கிற பக்கத்த எடுக்காதீங்க. பனைக்கு எல்லா ஆணிக்கும் துளை போட்டே ஆகணும். வேற மரம்னா அடிக்கிறதுக்கு முன்னாடி நாலு பக்கமும், அறுத்த முனையிலயும் முந்திரிக்கொட்டை எண்ணெய் ரெண்டு தடவ. முனைய விட்டுடுவாங்க, கறையான் அங்கேருந்துதான் வாசல் வைக்கும்.

பழைய ஐந்நூறு ஓட்டப் புதுசோட கலக்காதீங்க. அளவு வேற, இடைவெளி வேற, வாய் ஒக்காராது. அந்த ஓட்டுக்குத் தனியா பத்து ஓட்டுக் கணக்குப் போட்டு சாய்ப்புக்கு மட்டும் போடுங்க. முதல்ல ஒவ்வொண்ணையும் விரல் கணுவால தட்டிப் பாருங்க, கணீர்னு கேக்கணும். மொட்டையாக் கேட்டா உள்ள கீறல். சந்தேகம் இருந்தா அஞ்சு ஓட்ட வெயில்ல நல்லாக் காயவச்சு எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணியில ஊறவச்சுத் தொடச்சுட்டு மறுபடி எடை போடுங்க. மங்களூர் ஓட்டுக்கான இந்தியத் தரக் குறிப்பு ஐ.எஸ். 654-ல ஏ வகுப்பு ஓட்டுக்கு நூத்துக்கு இருபதுதான் உச்சம். எடையில அதுக்கு மேல தண்ணி குடிச்சா அந்த ஓடு மழைக்காலம் பூரா கனத்து ஒக்காந்திருக்கும்.

சாய்ப்பு சுவர்ல முட்டுற எடத்துக்கு, மேல் வரிசை ஓட்டுலேருந்து ஆறு அங்குலம் மேல சுவர்ல ஒரு அங்குல ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, 24 கேஜ் ஜி.ஐ. தகடோ அலுமினியத் தகடோ அதுல சொருகி, கீழ ஓட்டு மேல ஆறு அங்குலம் படிய வளைங்க. காடியில ஈயமோ சில்லோ அடிச்சு இறுக்கினப்புறம் கலவை பூசுங்க. தகட்ட ஓட்டோட சேத்து ஸ்க்ரூ போடாதீங்க. சுவர் ஒரு பக்கம் நிக்கும், சாய்ப்பு ஒரு பக்கம் அசையும். பூச்சு வேலை நடக்கிறதுக்கு முன்னாடி காடி வெட்டிடுங்க, பூசின சுவர வெட்டினா கொத்தனார் உங்களத்தான் திட்டுவார்.

ஓட்ட மேல ஏத்தும்போது ரெண்டு பக்கமும் சரிசமமா ஏத்துங்க. ஒரே பக்கத்துல அறுநூறு ஓட்ட அடுக்கிட்டு டீ குடிக்கப் போனா, திரும்பி வரும்போது முகட்டு வளை ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கும்.